வாடகை வீடும் சுவருக்குள் ஓடும் ஒயரும்

டெல்லியில் வாடகைக்கு வீடு பார்க்கும் நம்மாட்கள் என்னவெல்லாம் கேட்பார்கள்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், கோயில் பக்கமா, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும். சுவருக்குள் என்ன ஒயர் ஓடுகிறது என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? என்னைக் கேட்டால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

கணக்கு ரொம்ப சுலபம். வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஜனவரிக் குளிரில் அதே லைனில் 2000 வாட் ரூம் ஹீட்டரும் ஓடினால் 17-ஐத் தாண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நாலு மடங்கு! சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரி வரைக்குமானது. தாண்டினால் உடனே தீப்பிடிக்காது. உறை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து வெடிக்கும். தீ பிறகு வரும்.

பொதுவாக லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மி.மீ., பவர் பாயின்டுக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 என்று காப்பர் ஒயர் போடுவார்கள். அதுவும் ஒரே பைப்பில் நாலைந்து ஒயர்களைத் திணித்தாலோ, மே மாத 45 டிகிரி வெயிலிலோ, தாங்கும் அளவு இன்னும் குறையும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஹவுஸ் ஓனர், எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று புகார் வந்ததும் 16-ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போட்டார். ஒயர் அதே பழசு. "இப்ப விழவே மாட்டேங்குது பாருங்க" என்று பெருமை வேறு. விழாததுதான் சார் ஆபத்து! எம்சிபி இருப்பது கீசரைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற.

பதினோரு மாச அக்ரிமென்டுக்கு நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். செலவு ஓனருடையது, கேட்பது மட்டும் நம் வேலை. பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி அடம்பிடிக்கிறோமே, அந்த அடத்தை ஒயருக்குப் பிடிக்கலாம். ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய்க் காட்டினால், எந்த லைனில் என்ன ஒயர், அதற்கு எந்த எம்சிபி சரி என்று சொல்லிவிடுவார்.

அதுவரை, கீசரை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரையோ இன்டக்ஷன் அடுப்பையோ மாட்டவே மாட்டாதீர்கள்.