வீட்டில் இருந்தபடியே வருமானமாம்! யாருக்கு?

"தாய்மார்களே! வீட்டில் இருந்தபடியே வருமானம். விருப்பப்பட்ட நேரத்தில் வேலை. மேஸ்திரி இல்லை, மில் சங்கு இல்லை, முதலாளி இல்லை. நீங்களே முதலாளி!"

இப்படியொரு அழைப்பு, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே தென்காசிச் சீமையிலும் வீடு தேடி வருகிறது. நேரடி விற்பனை என்பது இதன் பெயர். சோப்பு, பற்பசை, சத்துமாவு, மூலிகை மாத்திரை, முகப்பூச்சு ஆகியவற்றைக் கடையில் வைத்து விற்காமல், ஆளைப் பிடித்து ஆள் மூலம் விற்பது. அந்த ஆள் யார்? நம் வீட்டுப் பெண். மில் தொழிலாளியின் மனைவி. வயலில் நாற்று நடுபவரின் மகள். நேற்றுவரை மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றியவள்.

ஆகவே இந்த அழைப்பை நாம் அலசிப் பார்த்தே தீர வேண்டும். இது நம் வீட்டு உலைப்பானை சம்பந்தப்பட்ட விஷயம்.

சும்மா இருக்கிறவள் யார்?

"யக்கா, வீட்ல சும்மாத்தானே இருக்கிய? பிள்ளையள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு ரெண்டு மணி நேரம் நாலு பேர்ட்ட பேசினாப் போதும்." பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

சும்மா இருக்கிறாளாம்! விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ஷிப்டுக்குப் போகிறவனுக்குச் சோறு கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, படுத்துக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, துணி வெளுத்து, மீதி நேரத்தில் இலை வெட்டுகிறாளே, அவள் சும்மா இருக்கிறாளா? அவள் உழைப்புக்குக் கூலி இல்லை என்பது உண்மை. உழைப்பே இல்லை என்பது பொய். இந்த வியாபாரத்தின் முதல் பொய் இதுதான்.

ஆனால் நம் சகோதரிகள் இந்தப் பேச்சுக்கு ஏன் காது கொடுக்கிறார்கள்? பேராசையாலா? இல்லை. கணவனின் கூலி வாரக் கடைசிவரை வருவதில்லை. வயல் வேலை வருஷத்தில் சில மாதங்கள்தான். பீடி வேலையும் முன்போல் எல்லா நாளும் கிடைப்பதில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக, பிள்ளை காப்பகம் ஊரில் இல்லை. நியாயமான கஷ்டம் இருக்கிற இடத்தில்தான் நயவஞ்சகம் தூண்டில் போடுகிறது. ஆகவே ஏமாந்த பெண்ணைப் பழிப்பவர்களோடு நாம் சேர மாட்டோம்.

அடுக்கின் கணக்கு

வியாபாரம் நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் அவள் தன் கைக்காசைப் போட்டு ஒரு பை நிறையச் சரக்கு வாங்குகிறாள். சரக்கின் விலை மளிகைக் கடை விலையைவிடப் பெரும்பாலும் அதிகம். யாரிடம் விற்பது? அக்காளிடம், மதினியிடம், பக்கத்து வீட்டுச் சித்தியிடம். அவர்கள் முகத்துக்காக ஒரு தடவை வாங்குவார்கள். மறு மாதம் கதவைச் சாத்துவார்கள். அப்போது மேலே இருக்கிறவர் சொல்கிறார்: "சரக்கு விற்றுப் பணக்காரர் ஆனவர் யாரும் இல்லை. உனக்குக் கீழே ஆள் சேர்!"

கீழே சேர்கிறவர்கள் வாங்கும் சரக்கில் இவளுக்கு ஒரு பங்கு. அவர்களுக்குக் கீழே சேர்கிறவர்கள் வாங்குவதிலும் ஒரு துளி. ஆனால் பல கம்பெனிகளில், மாதா மாதம் இத்தனை பாயிண்டுக்கு இவளும் சரக்கு எடுத்திருந்தால்தான் அந்தத் துளியும் கைக்கு வரும். விற்கப் போனவளே வாடிக்கைக்காரி ஆகிவிடுகிறாள்!

ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் போதும் என்கிறார்கள். நல்லது, கணக்குப் போடுவோம். முதல் படியில் 6 பேர். இரண்டாம் படியில் 36. மூன்றாம் படியில் 216. அப்புறம் 1,296, 7,776, 46,656, 2,79,936. எட்டாம் படியில் 16,79,616 பேர் வேண்டும். 2011ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி இன்றைய தென்காசி மாவட்டம் முழுவதிலும் இருந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர். தொட்டில் பிள்ளையையும், கட்டிலில் கிடக்கும் கிழவரையும், குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவரையும் சேர்த்துக்கொண்டாலும் எட்டாம் படி நிறையாது! பதின்மூன்றாம் படிக்கு 1,306 கோடிப் பேர் வேண்டும். பூமியில் அவ்வளவு ஜனங்களே இல்லை.

ஆகவே அடுக்கு எங்காவது முறிந்தே தீரும். முறியும்போது கடைசிப் படியில் நிற்பவர்களே மிக அதிகம். அவர்கள் போட்ட காசுதான் மேல்படிக்காரரின் கார். அவர்கள் இழந்த நகைதான் மேடையில் அவருக்குப் போடும் மாலை.

அவர்கள் ஊரிலேயே அம்பலம்

இது நம் கற்பனையா? இந்த வியாபாரம் பிறந்து வளர்ந்த அமெரிக்காவின் சர்க்காரே சொல்வதைக் கேளுங்கள். அங்கே மத்திய வர்த்தக கமிஷனின் அதிகாரிகள், இப்படிப்பட்ட 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்து, 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை தந்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெற்றது வருஷத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோதான். மாதத்துக்கு 84 டாலர்கூட இல்லை. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலோருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கைச்செலவைக் கழிக்காமலே இந்தக் கணக்கு! அந்நாட்டு மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதாவது ஒரு மாதம் அலைந்து பெற்றது, 12 மணி நேரக் கூலிக்கும் குறைவு.

இந்தத் தொழிலின் ராணியாகக் கொண்டாடப்பட்டவரின் கதியையும் பாருங்கள். டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பாக் கம்பெனியின் சரக்கை, வீடுகளில் பெண்களைக் கூட்டி விருந்து வைத்து விற்கும் முறையை வளர்த்தவர் பிரவுனி வைஸ் என்ற பெண்மணி. 1954ல் அமெரிக்காவின் பெரிய வியாபாரப் பத்திரிகை ஒன்று அவர் படத்தை அட்டையில் போட்டது. 1958ல் கம்பெனி அவரை வெளியே தள்ளியது. கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூட இல்லை. ராணிக்கே இந்தக் கதி என்றால், கடைசிப் படியில் நிற்கும் கடையநல்லூர்ச் சகோதரிக்கு என்ன மிஞ்சும்?

நம் நாட்டில், 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ஆம்வே இந்தியா கம்பெனியின் 757.77 கோடி ரூபாய்ச் சொத்தை முடக்கியது. அதில் நம் திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் தொழிற்சாலைக் கட்டிடமும் அடக்கம். ஆள்பிடிக்கும் அடுக்கு மோசடி என்பது அத்துறையின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை மறுக்கிறது. வழக்கின் முடிவைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் நாம் பார்க்க வேண்டியது வேறொன்று: 757 கோடி கம்பெனியிடம் சேர்ந்திருந்தது. தெருத் தெருவாக அலைந்தவர்களிடம் எவ்வளவு சேர்ந்தது?

பீடிச் சுளகு கற்பித்த பாடம்

தென்காசிக்கு இந்த "வீட்டு வருமானம்" புதிது அல்ல. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கீழப்பாவூர், சுரண்டை, கடையம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும், திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதை அறிவார்கள். வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து இலை வரும். கம்பெனி இலையும் தூளும் தரும். வீடு அவளுடையது, வெளிச்சம் அவளுடையது, முதுகுவலி அவளுடையது, தூளால் வரும் இருமலும் அவளுடையது. லாபம் மட்டும் கம்பெனியுடையது! தொழிற்சாலைக்கு வாடகை இல்லை, விபத்துக்கு நஷ்டஈடு இல்லை, வேலை இல்லாத நாளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு வேலையின் ரகசியம் இதுதான்.

ஆனால் பீடித் தொழிலாளி இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிலாளர் போராட்டங்களின் பின்னால் 1966ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று அது சொன்னது. முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 1974ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. 1977ல் சேமநிதி பீடித் தொழிலுக்கும் வந்தது. வீட்டில் சுற்றுபவள் எங்கள் ஆளே அல்ல என்று மறுபடி வழக்காடினார்கள். 1985ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: சுற்றிய பீடியைக் கழித்துத் தள்ளும் அதிகாரம் கம்பெனியிடம் இருக்கிறது, ஆகவே அவளைக் கட்டுப்படுத்துவது கம்பெனியே, அவளுக்குச் சேமநிதி உண்டு.

நாட்டின் பல இடங்களில் முதலாளிகள் இன்னொரு தந்திரமும் செய்தார்கள். இலையையும் தூளையும் அவளுக்கு விற்றதாக எழுதினார்கள். பீடியை அவளிடம் வாங்கியதாக எழுதினார்கள். அவள் கூலிக்காரி அல்ல, வியாபாரி என்றார்கள்! வியாபாரிக்குக் குறைந்தபட்சக் கூலி ஏது? பிரசவச் சம்பளம் ஏது? சேமநிதி ஏது?

அந்தப் பழைய தந்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, புதிய வியாபாரத்தின் சட்டத்தைப் படியுங்கள்.

இரண்டு முதலாளிகளாம்!

2021 டிசம்பர் 28ல் மத்திய சர்க்கார் நேரடி விற்பனைக்கு விதிகள் வெளியிட்டது. அடுக்கு மோசடிக்கும் பணச் சுழற்சிக்கும் அவற்றில் தடை உண்டு. நல்லது. பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் வருஷச் சட்டமே தடை செய்திருந்தது. ஆனால் அதே விதிகள், சரக்கு விற்பவரைக் கம்பெனியின் தொழிலாளி என்று சொல்லவில்லை. சமமான இரு முதலாளிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் என்ற முறையிலேயே அவரை வைக்கின்றன.

நாட்டுக்கு நாடு கிளை வைத்த கம்பெனி ஒரு முதலாளியாம். பாவூர்சத்திரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் நம் சகோதரி இன்னொரு முதலாளியாம்! சரக்கின் விலையை வைப்பது யார்? கம்பெனி. கமிஷனைக் குறைப்பது யார்? கம்பெனி. நஷ்டம் மட்டும் யாருக்கு? "முதலாளி" அம்மாளுக்கு! பீடி சுற்றிய தாய் போராடிப் பெற்ற "தொழிலாளி" என்ற பட்டத்தை, மகளிடமிருந்து "முதலாளி" என்ற பட்டத்தைக் கொடுத்துப் பறிக்கிறார்கள். இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

தாய்க்குக் கிடைத்ததும் கரைந்து வருகிறது. பீடித் தொழிலாளர் நல நிதிக்கான செஸ் வரி 2017ல் ஜி.எஸ்.டி.யோடு ஒழிக்கப்பட்டது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 1966ஆம் வருஷச் சட்டத்தையும் விழுங்கிவிட்டன.

"அப்படியானால் பெண்கள் விற்கவே கூடாதா?"

இப்படிக் கேட்பார்கள். தாராளமாக விற்கலாம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் எடுத்துத் தெருவில் கூவி விற்கும் அம்மாள், காய் வேண்டியவருக்குக் காய் கொடுத்துக் காசு வாங்குகிறாள். அவள் லாபம் சரக்கில் இருக்கிறது. தனக்குக் கீழே ஆறு காய்க்காரிகளைச் சேர்த்தால்தான் சோறு என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. வருமானம் சரக்கிலிருந்து வருகிறதா, சேர்த்த ஆளின் பையிலிருந்து வருகிறதா? இந்த ஒரு கேள்வியே உரைகல்.

"எல்லாருக்கும் வெளியே போய் வேலை செய்ய முடியுமா?" என்பார்கள். முடியாது. அதற்கு வழி, அவள் உழைப்பைக் கூலி இல்லாமல் கம்பெனிக்குக் கொடுப்பதா? அண்டையில் கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1966ஆம் வருஷச் சட்டத்தை அமல் நடத்த மனமில்லாத பீடி முதலாளிகள் கண்ணூரில் தொழிலை மூடிவிட்டுப் போனார்கள். சுமார் 12,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்கள் ஆளுக்கு ஆறு பேரைப் பிடிக்கப் புறப்படவில்லை. 1969ல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தைக் கண்டார்கள். பீடி படுத்தபோது உணவுப் பொருளுக்கும் குடைக்கும் கை மாற்றினார்கள். அங்கே தொழிலாளி தொழிலாளியாக இருந்துகொண்டே உரிமையாளர் ஆனார். பெயரளவு முதலாளி அல்ல!

நாம் கேட்பது

1. நேரடி விற்பனைக் கம்பெனி ஒவ்வொன்றும், சேர்ந்தவர்கள் செலவு போக எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று தமிழில் அச்சிட்டு, சேருமுன் கையில் தர வேண்டும்.

2. 2021ஆம் வருஷ விதிகள் கோரும் கண்காணிப்பை மாநில சர்க்கார் மாவட்டந்தோறும் உயிரோடு நடத்த வேண்டும்.

3. வீட்டில் இருந்து உழைப்பவரும் தொழிலாளியே என்று கூறும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1996ஆம் வருஷ 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்க வேண்டும். இன்னும் ஏற்கவில்லை.

4. பீடிப் பெண்களுக்கு எல்லா நாளும் வேலை, சட்டப்படி கூலி, சேமநிதி வேண்டும். கிராமந்தோறும் பிள்ளை காப்பகம் வேண்டும்.

சகோதரிகளே! உங்களைச் சேர்க்க வருகிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். உன் சரக்கை, உனக்குக் கீழே சேராதவர் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துப் பணம் தருவாயா? செலவு போக உன் பாஸ்புக்கில் நின்றது என்ன? பதில் சொல்லாமல் மழுப்பினால் வாசலைக் காட்டுங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். திருப்பிக் கேட்க விதிகளில் இடம் உண்டு. நுகர்வோர் உதவிக்கான 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். தனியாக அல்ல, ஏமாந்தவர்கள் சேர்ந்து செய்யுங்கள்.

மில் தோழர்களே, வயல் தோழர்களே! இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். உங்கள் கூலி போதாததால்தான் அவள் அந்தப் பையைத் தூக்கினாள். உங்கள் கூலிப் போராட்டமும் அவள் உரிமைப் போராட்டமும் ஒன்றே. திண்ணையில் உழைத்தாலும் தறியில் உழைத்தாலும் தொழிலாளி தொழிலாளியே!