மாநகராட்சி ஆகுமா எங்கள் ஊர்? ஆகத்தான் வேண்டுமா?

(சிவில் இரண்டாம் ஆண்டு மாணவன்)



நம் ஆண்டு மலரில் "மாணவர் கடமை", "தொழில்நுட்பமும் நாட்டு முன்னேற்றமும்" என்றுதான் வழக்கமாகக் கட்டுரைகள் வரும். நானும் அப்படி ஒன்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் ஊர் டீக்கடைப் பெஞ்சில் நடக்கிற பேச்சு மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. காலையில் நம் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்களில் நிறையப் பேர் என்னைப் போல மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். அவர்கள் ஊரிலும் இதே பேச்சு இருக்கும். அதனால் துணிந்து எழுதுகிறேன். ஊர் பேரைப் போடவில்லை. உங்கள் ஊர் பேரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான்

எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப் போவதாக ஒரு அறிவிப்பு வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழிக்காமல் பிரித்து எடுத்து என் கையில் கொடுத்தார்கள். "பாலிடெக்னிக் படிக்கிறவன்தானே, படிச்சுச் சொல்லுடா" என்றார் பெரியப்பா. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். படித்துச் சொன்னேன். "உத்தேசம்னா என்ன?" என்று கேட்டார்கள். "இன்னும் முடிவாகலை, ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்னு அர்த்தம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு ஒரு பொறுப்பு வந்த மாதிரி இருந்தது.

எங்கள் ஊருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் 13 புதிய நகராட்சிகள், 25 புதிய பேரூராட்சிகள், அதோடு நூற்றுக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை மாநகராட்சிகளில் சேர்ப்பது என்று அறிவிப்பு வந்ததும், பல ஊர்களில் மக்கள் மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அதே மாதம் 5-ஆம் தேதியோடு பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. ஊரின் தலையெழுத்தைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் ஊருக்குத் தலைவர் இல்லை!

நானும் ஆதரித்தவன்தான்

உண்மையைச் சொல்கிறேன். முதலில் நான் சேருவதற்குத்தான் ஆதரவு. சிவில் படிக்கிறவனுக்குச் சாக்கடை இல்லாத ஊரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். எங்கள் தெருவில் குளிக்கிற தண்ணீர் வாசலிலேயே தேங்குகிறது. செப்டிக் டேங்க் லாரி மாதம் இரண்டு தடவை ஊருக்குள் வருகிறது, அது எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்காமல் இருப்பதே நல்லது. ஊருக்குக் கிழக்கே புதுப்புது பிளாட்டுகள், கண்மாய்க் கரை வரைக்கும் கல் நட்டாச்சு. வயல் வேலைக்குப் போகிறவர்களை விட டவுனுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். என் அப்பாவே சென்ட்ரிங் வேலைக்கு டவுனுக்குத்தான் போகிறார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 5000 பேருக்குக் குறையாத ஜனம், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை. இந்த மூன்றும் இருந்தால், பேரில் கிராமமாக இருந்தாலும் அதைக் கணக்கெடுப்பு நகரம் என்று எழுதிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001-இல் 111 இருந்தன, 2011-இல் 376 ஆகிவிட்டன. ஆக, பத்து வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல்! ஊர் மாறிவிட்டது, பேர்ப் பலகை மட்டும் மாறவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

குடிதண்ணீரில் கூட இந்தப் பேதம் இருக்கிறது. கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், பாதாள சாக்கடை உள்ள நகரத்து ஆளுக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. டவுனுக்குப் போய்விட்டால் தாகம் கூடிவிடுமா என்ன? அதனால் கிராம சபையில் எழுந்து ஐந்து நிமிஷம் பேசினேன். பாதாள சாக்கடை, தெருவிளக்கு, டவுன் பஸ் என்று அடுக்கினேன். பசங்கள் கை தட்டினார்கள்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா ஒருத்தர் எழுந்திருக்காமலே கேட்டார். "நல்லாத்தான்யா பேசுற. இத்தனை வருஷமா குழாயில தண்ணி வரலைன்னா குடத்தோட தலைவரு வீட்டு வாசல்ல போய் நின்னோம். ராத்திரியானாலும் கதவைத் தட்டினோம். இனிமே யாரு வாசல்ல போய் நிக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

யார் வாசலில் நிற்பது?

எங்கள் ஊராட்சியில் ஒன்பது வார்டு. தலைவரை நாங்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம். மாநகராட்சியில் சேர்ந்தால் பக்கத்து ஊரையும் சேர்த்து எங்களுக்கு ஒரே ஒரு கவுன்சிலர் கிடைப்பார். மேயரை நாம் தேர்ந்தெடுப்பதும் நிச்சயமில்லை. 2011-இல் மக்களே மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள், 2022-இல் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் பின்னால் சேர்ந்தன. அதில் வரவு செலவைக் கேட்கலாம், பயனாளி பட்டியலைக் கேட்கலாம். நகரத்திலும் 2022-லிருந்து ஏரியா சபை என்று வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் உங்களில் டவுனில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் அதில் ஒரு தடவையாவது போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

கிராமத்தில் மட்டும் ஜனநாயகம் பொங்கி வழிகிறது என்று சொல்ல வரவில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது, அதுவும் ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 வரை வரவில்லை. நகரங்களோ 2022 பிப்ரவரி வரை ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லாமலே கிடந்தன. இரண்டு பேருக்கும் அடி, நகரத்துக்கு ஒரு அடி கூட.

அம்மாவின் கணக்கு

என் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். கண்மாய் வரத்துக்காலைத் தூர்வாரிய கூலியில்தான் எனக்கு முதல் வருஷம் டிராப்டரும் கால்குலேட்டரும் வாங்கிக் கொடுத்தார். 2005-இல் சட்டமாக வந்த அந்த வேலை, ஊரகப் பகுதிக்கு மட்டும் என்றே வந்தது. ஊர் நகரமானால் அது நின்றுபோகும். நகரத்து ஏழைக்கும் வேலை வேண்டும் என்று 2021-22-இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. ஆனால் அது சில இடங்களுக்கான திட்டம். "எனக்கு வேலை கொடு" என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

ஒரு பக்கம் கூலி போகும், மறு பக்கம் வரி ஏறும். 2022-இல் நகரங்களில் சொத்து வரி திருத்தியபோது 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது. பெரிய வீட்டுக்கு இன்னும் அதிகம். வசதி செய்து கொடுத்துவிட்டு வரி கேட்டால் கொடுக்கலாம், தப்பில்லை. வரி முந்தி வந்து வசதி பிந்தி வருவதுதான் வயிற்றெரிச்சல்.

இது ஊருக்கு ஊர் வேறுபடும் என்று அரசுக்கே தெரியும். 2004-இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். கிராமத்துக்கு வரும் திட்டப் பணம் அவற்றுக்கும் கிடைக்கட்டும் என்பது அதில் ஒரு காரணம். 2006-இல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு வருஷத்தில் பலகையை இரண்டு தடவை எழுதியாச்சு. பெயிண்டருக்குத்தான் லாபம்!

கோடும் பைப்பும்

இனி நம் பாடத்துக்கு வருகிறேன். சாக்கடைத் தண்ணீர் அரசு ஆணையைப் பார்த்து ஓடாது, சரிவைப் பார்த்துத்தான் ஓடும். எங்கள் ஊர் கண்மாய்ப் பக்கம் பள்ளம். மாநகராட்சியின் மெயின் லைன் மேட்டில் இருந்தால் நடுவில் ஒரு கழிவுநீர் உந்து நிலையம் வேண்டும், அதற்கு இடம் வேண்டும், கரண்டு வேண்டும், பணம் வேண்டும். வரைபடத்தில் எல்லைக் கோட்டை நகர்த்த ஒரு நாள் போதும். பைப்பை நகர்த்த எத்தனை வருஷம்?

2011-இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. கோயம்புத்தூர் சுமார் 105-லிருந்து 257 ஆனது. மதுரை சுமார் 52-லிருந்து 148 ஆனது. மதுரையில் சேர்ந்த பகுதிகளுக்குப் பத்து வருஷம் கழித்தும் பாதாள சாக்கடைக்குத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலையே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சேரும் நாளையும் பைப் வரும் நாளையும் ஒன்றாக நினைத்து ஏமாறாதீர்கள் என்கிறேன்.

நண்பன் சொன்ன மறுப்பு

இதையெல்லாம் எழுதிக் காலனித் தெருவில் இருக்கும் என் நண்பனிடம் காட்டினேன். அவன் சிரித்தான். "நீ சொல்றதெல்லாம் சரிடா. ஆனா தலைவர் வீட்டு வாசல்ல குடத்தோட நிக்கிறோம்னு எழுதியிருக்கியே, எங்க தெருக்காரங்க எவ்வளவு தூரத்துல நின்னாங்கன்னு எழுதலையே? மேல்நிலைத் தொட்டித் தண்ணி எங்களுக்குத்தான் கடைசில வருது. டவுன்ல எவனும் நீ எந்தத் தெருன்னு கேக்க மாட்டான். எனக்கு மாநகராட்சி வரட்டும்" என்றான்.

இதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. டவுனில் வீடு வாடகைக்குக் கேட்டுப் பார், அங்கேயும் எந்தத் தெரு என்று கேட்கிறவன் இருக்கிறான் என்றேன். "இருக்கலாம். ஆனா அங்க நாலு வீடு தள்ளிக் கேக்கலாம், இங்க எங்க போறது?" என்றான். அவன் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுவதுதான் நியாயம். கிராமம் கிராமமாகவே இருக்கட்டும் என்று பேசுகிறவர்களில் அம்மாவைப் போலக் கூலியை நினைத்துப் பேசுகிறவரும் உண்டு, தன் பெரியதனத்தை நினைத்துப் பேசுகிறவரும் உண்டு. வரி குறைவாக இருக்கட்டும் என்று பேசுகிற பிளாட் வியாபாரியும் உண்டு. ஒரே கோஷத்துக்குள் மூன்று கணக்கு.

அப்படியானால் என்னதான் செய்வது?

நம் அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம், மாறிவரும் பகுதிக்குப் பேரூராட்சி, சிறிய நகரத்துக்கு நகராட்சி, பெரிய நகரத்துக்கு மாநகராட்சி என்று மூன்று படி வைத்திருக்கிறது. எந்த ஊர் எந்தப் படி என்று முடிவு செய்ய மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத வேலை, பொருளாதார முக்கியத்துவம் என்று பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் "அங்கே வாழ்கிறவர்கள் விருப்பம்" என்று ஒரு வரி இல்லை!

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகரத்துக்கு வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸ் என்று ஒரு புறநகர்ப் பகுதி. நகர அந்தஸ்து இல்லாமல் கவுண்டி நிர்வாகத்தில் பல காலம் இருந்தது. 2005-இல் அங்கே ஓட்டெடுப்பு வைத்தார்கள். 94 சதவீதம் பேர் நகரமாக வேண்டும் என்று போட்டார்கள், அதே வருஷம் டிசம்பரில் அது நகரமானது. அதிலும் ஒரு கோளாறு உண்டு. வசதியான பகுதி தன் வரிப் பணத்தோடு தனியே போனால் மிச்சமிருக்கும் ஏழைப் பகுதிகளை யார் பார்ப்பது என்று அங்கே சண்டை வந்தது. அதை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்தார்கள் பாருங்கள், அதைக் கற்றுக்கொள்ளலாம்.

என் கருத்து இதுதான். எங்கள் ஊர் என்றைக்கும் கிராமமாகவே இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் மாநகராட்சியின் வால் வார்டாக இன்றைக்கே போய் ஒட்டிக்கொள்வதை எதிர்க்கிறேன். முதலில் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து எங்களுக்கென்று ஒரு பேரூராட்சியோ நகராட்சியோ ஆகட்டும். அதற்கும் கிராம சபையில் ரகசிய ஓட்டு வைக்கட்டும். பைப் லைன் எந்த வருஷம் வரும் என்று எழுதிக் கொடுக்கட்டும். அது வந்த தெருவுக்கு மட்டும் வரியைக் கூட்டட்டும். நூறு நாள் வேலையை இழக்கிறவர்களுக்கு நகரத்திலும் வேலை உறுதி என்று சட்டம் வரட்டும். காலனித் தெருவில் முதல் குழாயைப் போட்டு வேலையை ஆரம்பிக்கட்டும். கடைசி நிபந்தனை என் நண்பனுக்காக எழுதியது, ஆனால் இப்போது எனக்கு அதுதான் முதல் நிபந்தனை.

நண்பர்களே! கருத்துச் சொல்வதோடு நம் வேலை முடியவில்லை. நம் டிபார்ட்மெண்டில் டம்பி லெவல் இருக்கிறது, ஸ்டாஃப் இருக்கிறது, சர்வே கேம்ப்பில் பழகிய கையும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைத் தலைவர் அவர்கள் அனுமதித்தால் எங்கள் ஊர்த் தெருக்களுக்கு லெவல் எடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று வரைந்து, அடுத்த கிராம சபையில் மேசை மேல் விரிக்கலாம். அதிகாரி வந்தாலும் கவுன்சிலர் வந்தாலும் அந்தத் தாளைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். அடுத்த மாதம் உங்கள் ஊர், அதற்கடுத்து இன்னொருவர் ஊர்.

அந்த அப்பத்தாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. லெவல் புக்கோடு போய்த்தான் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்!