கூலிக்குச் செய்வித்ததற்கு முதலிடம் கொடுத்தோம்

போன தவணை எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தது. தரம் 8 பிள்ளை ஒருவர் கொண்டுவந்த விமான மாதிரிக்கு முதலிடம் கொடுத்தோம். அவ்வளவு அழகு. பரிசு கொடுத்த பிறகுதான் எங்களில் ஒரு டீச்சர் கேட்டார்: "மகன், வாலில அசையிற இந்தத் தகடு என்னத்துக்கு?" பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வாப்பா காசு கொடுத்து டவுனில் செய்வித்ததாம்.

அதே கண்காட்சியில் இரண்டு பிள்ளைகள் ரெஜிபோமில் சேர்ந்து செய்த கோணல்மாணலான விமானமும் இருந்தது. "தனியாகச் செய்யவில்லை" என்று அதற்குப் புள்ளி குறைத்தவர்களும் நாங்கள்தான்.

அது மனதை உறுத்தியதால்தான் இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் வீட்டுக் கராஜிலேயே உண்மையான விமானம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1953இல் போல் பொபெரெஸ்னி என்பவர் அப்படிப்பட்டவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இன்றும் ஒவ்வொரு வருடமும் ஒஷ்கொஷ் என்ற ஊரில் பெரிய அளவில் கூடுகிறார்கள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. விமானத்தின் பெரும்பகுதியை, தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் அந்த வேலையில் இறங்கியவர்கள் செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை 51 வீத விதி என்பார்கள். பாகங்களைப் பெட்டியில் வாங்கலாம். கூட்டாளிமார் வந்து கூலியில்லாமல் செய்து கொடுத்த வேலையும் கணக்கில் சேரும். காசு கொடுத்துச் செய்வித்த வேலை அந்தப் பெரும்பகுதியில் சேராது.

நாங்கள் கண்காட்சியில் செய்தது இதற்கு நேர் எதிர். கூலிக்குச் செய்வித்ததற்குப் பரிசு, கூட்டாளியோடு சேர்ந்து செய்ததற்குத் தண்டனை.

கூட்டாளி ஏன் தேவை? அலுமினிய விமானத்தில் தகடுகளைப் பொருத்துவது ஆணி போன்ற சின்ன றிவிட்கள். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் தேவைப்படலாம். பெரும்பாலும் ஒருவர் வெளியே நின்று காற்றழுத்தச் சுத்தியலால் றிவிட்டின் தலையில் அடிக்க, மற்றவர் உள்ளே பாரமான இரும்புக் கட்டியை அதன் வாலில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இறக்கைக்குள் கையை விட்டிருப்பவரின் முகம் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. குரல்தான் துணை. "சரி" என்று கேட்ட பிறகுதான் அடிக்கலாம். அவசரப்பட்டு அடித்தால் தகடு நசுங்கும்.

"கூட்டுவேலை என்றால் ஒருவர் செய்வார், மற்றவர் சும்மா இருப்பார்" என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். அதற்கும் அவர்களிடம் வழி இருக்கிறது. கட்டுகிறவர் எந்த நாளில் என்ன செய்தார் என்று படத்தோடு குறிப்பு எழுதி வைக்கிறார். பரிசோதகர் அதைப் பார்ப்பார். கட்டியவர் என்ற முறையில் வருடாந்தப் பரிசோதனையைத் தானே செய்து கையொப்பமிடும் சான்றிதழ், கட்டியவர்களில் பிரதானமான ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும். அதற்கு, வேலை தெரிந்தவர் என்று அவர் காட்ட வேண்டும். அதே விமானத்தைப் பிறகு விலைக்கு வாங்கியவருக்கு, கட்டியவருக்கான அந்தச் சான்றிதழ் இல்லை. பொருள் கைமாறும், அறிவு கைமாறாது என்று அந்தச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஆகவே அடுத்த கண்காட்சிக்கு நாங்கள் மூன்று விடயங்களை அதிபரிடம் கேட்கப் போகிறோம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யலாம். யார் எதைச் செய்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். புள்ளி போட முன்பு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அழகுக்குப் புள்ளி கடைசியில்தான்.

பெற்றோரே, பிள்ளையின் செயற்றிட்டத்துக்காகக் கடைக்குப் போக முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு விடுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை.

அந்த இரண்டு பிள்ளைகளிடமும் திங்கட்கிழமை காலைக்கூட்டத்தில் நாங்கள் மன்னிப்புக் கேட்போம். குறைத்த புள்ளியையும் திருப்பிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.