பிளஸ் டூவுக்குப் பிறகு மியூசிக் படிக்கலாமா? அட்மிஷனுக்கு முன் யோசிக்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சில வீடுகளில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். 'மியூசிக் படிக்கிறேன்' என்று பிள்ளை சொன்னால், 'முதல்ல ஒரு டிகிரி முடி, பாட்டு எங்கேயும் ஓடிப்போயிடாது' என்று பதில் வரும். அக்கறையில் சொல்வதுதான். ஆனால், எல்லோருக்கும் இது பொருந்துமா?

யாருக்குப் பொருந்தும்?

இந்த அறிவுரைக்கு உதாரணங்கள் நிறைய இருக்கு. சஞ்சய் சுப்ரமண்யன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். டி.எம்.கிருஷ்ணா படித்தது பொருளாதாரம். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற எஸ்.சௌம்யா, சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் படித்தவர்.

ஆனால், இவர்கள் சின்ன வயதிலேயே இசை கற்கத் தொடங்கியவர்கள். இசைக்குள் நுழைய கல்லூரியை நம்பியிருக்கவில்லை.

வீட்டில் யாரும் பாடியதில்லை, பக்கத்தில் குரு இல்லை, தனி கிளாஸுக்கு ஃபீஸ் கட்ட வசதியில்லை என்றால் கதையே வேறு. அப்படிப்பட்ட மாணவருக்கு சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள்தான் வாசல். அவரிடம் 'இன்ஜினீயரிங் முடிச்சிட்டு வா' என்பது, கிட்டத்தட்ட 'வேண்டாம்' என்பதுதான். தினமும் மணிக்கணக்கில் சாதகம் செய்ய நேரம் கிடைக்கிற வயது திரும்ப வராது.

சரி, வருமானம்?

இனிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு இசை உள்ளிட்ட பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது, மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் குறைவு. டியூஷன், கல்யாணக் கச்சேரி, ரெக்கார்டிங், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ் என நாலு பக்கமும் சேர்த்தால்தான் மாதம் ஓடும்.

எதையெல்லாம் கவனிக்கணும்?

டிகிரியா, டிப்ளமோவா என்று முதலில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பி.ஏ. இசை என்றால், எந்த டிகிரியும் போதும் என்கிற யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வைக்கூட எழுதலாம். வெறும் டிப்ளமோவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்தது. கல்லூரியில் இசை, தொலைநிலைக் கல்வியில் பி.காம். என்றும் படிக்கலாம்.

படிக்கும்போதே ஆல் இந்தியா ரேடியோ ஆடிஷனுக்குத் தயாராகுங்கள். பி, பி-ஹை, ஏ, டாப் என்ற அந்த கிரேடுகளுக்கு கச்சேரி வட்டாரத்தில் மதிப்பு உண்டு. கல்லூரிப் பேராசிரியர் ஆக விரும்பினால், முதுகலைக்குப் பிறகு நெட் தேர்விலும் இசை ஒரு பாடம்.

'பாட்டா, சோறா' என்று கேட்டால் பிள்ளையும் பெற்றோரும் எதிரெதிரே நிற்க வேண்டியதுதான். மூன்று வருடம் முடியும்போது கையில் என்ன சான்றிதழ், எந்தத் தேர்வுக்குத் தகுதி, மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்டால், இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடலாம். கணக்கு ஒத்துவந்தால், மியூசிக் அப்ளிகேஷனில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள், பெற்றோர்களே!