ஒழுங்கை மீறியவர் எவர்? கொல்கத்தா வந்த இரு விமானங்களை முன்வைத்து

2025 ஜூலை இறுதியில் மும்பையிலிருந்து கொல்கத்தா வந்த இண்டிகோ விமானத்தில் பயணி ஒருவர் கடும் பதற்றத்துக்கு ஆளானார். இருக்கையை விட்டு எழுந்த அவரை விமானப் பணியாளர்கள் ஆதரவாகப் பற்றி நடைபாதை வழியே அழைத்துச் சென்றனர். அப்போது நடைபாதையோர இருக்கையில் அமர்ந்திருந்த வேறொரு பயணி அவரைக் கன்னத்தில் அறைந்தார். பணியாளர் தடுத்துப் பேசியதும், அவருக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று ஒரு குரல் எழுந்ததும், ஏன் அடித்தீர்கள் என்று மற்றவர்கள் கேட்டதும் காணொளியில் பதிவாகியுள்ளன. தொந்தரவாக இருந்தது என்பதே அடித்தவரின் விடை.

விமானம் கொல்கத்தாவில் இறங்கியதும் அறைந்தவர் பாதுகாப்பு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டார். ஒழுங்கீனமாக நடந்துகொண்டவர் என நிறுவனம் குறித்ததும், பின்னர்த் தன் விமானங்களில் பறக்கத் தடை விதித்ததும் அவரையே. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருக்கையை விட்டு எழுந்தவர் ஒழுங்கை மீறவில்லை. இருக்கையில் முறையாக அமர்ந்திருந்தவரே மீறினார். ஆனால் சமூக ஊடகங்களில் நிகழ்ந்த விவாதத்தின் பெரும்பகுதி இந்த உண்மையைத் தொடவேயில்லை. அடித்தவர் எந்த மதம், அடிபட்டவர் எந்த மதம் என்ற தேடலிலேயே அது முடிந்துபோயிற்று.

இதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மற்றொன்றையும் இதனருகே வைத்து நோக்க வேண்டும். 2022 டிசம்பர் இறுதியில் பாங்காக்கிலிருந்து கொல்கத்தாவுக்குப் புறப்படவிருந்த தாய் ஸ்மைல் விமானத்தில், சாய்த்த இருக்கையை நிமிர்த்துமாறு பணியாளர்கள் கேட்டனர். முதுகுவலியைக் காரணம் காட்டிப் பயணி ஒருவர் மறுத்தார். வாக்குவாதம் முற்றியது; சக பயணிகள் அவரை அடித்தனர். இந்நிகழ்வில் மறுத்தவர் பக்கம் நியாயமில்லை. புறப்பாட்டின்போதும் இறங்கும்போதும் இருக்கை நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணமுண்டு: அவசரமாக வெளியேற நேர்ந்தால் சாய்ந்த இருக்கை பின்வரிசையில் உள்ளோரின் வழியை மறிக்கும். ஆயினும் அவர் தவறியவர் என்பதனால் அவரை அடித்தவர்கள் காவலர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

முதல் நிகழ்வில் எழுந்தவர் அஞ்சியவர். இரண்டாம் நிகழ்வில் மறுத்தவர் பிடிவாதக்காரர். காரணங்கள் வேறு, விழுந்த அடி ஒன்றே. இந்த வேறுபாட்டை அழிப்பதில் மொழிக்குப் பெரும் பங்குண்டு.

ஆங்கில விதிநூல்கள் கையாளும் ‘அன்ரூலி’ என்ற அடைமொழி, தமிழ்ச் செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் ‘ரகளை’ ஆகிறது. ‘நடுவானில் ரகளை’, ‘விமானத்தில் பயணி அட்டகாசம்’ என்பன வார்ப்புத் தொடர்களாகவே இறுகிவிட்டன. குடித்துவிட்டுக் கூச்சலிட்டவர், மூச்சுத் திணறி எழுந்தவர், அறிவிப்பு புரியாமல் நின்றவர், அதிகாரத் திமிரில் நகர மறுத்தவர் என எல்லாரும் இந்த ஒரே பெயருக்குள் அடைக்கப்படுகின்றனர். ஒரு செயலைக் குறிக்க வேண்டிய சொல் ஓர் ஆளைக் குறிக்கும் பெயராக மாறியபின், அவர் ஏன் எழுந்தார் என்ற வினாவுக்கு அத்தொடரில் இடமே இருப்பதில்லை.

எழுவதால் விளையும் ஆபத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து மேற்கு வங்கத்தின் துர்காபூருக்கு வந்த ஸ்பைஸ்ஜெட் விமானம், இறங்கும் வேளையில் கடுமையான காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவர்களுள் ஒருவர் சில மாதங்கள் கழித்து உயிரிழந்தார். கால்பைசாகி என்று வங்காளிகள் அழைக்கும் கோடைப்புயலின் பருவம் அது. அத்தகைய வானில் சீட் பெல்ட் உயிர்க்காப்பு; கட்டாத பயணி தனக்கு மட்டுமன்றி அருகிலிருப்போருக்கும் ஆபத்தானவர். ஆகவே அமர்க என்னும் கட்டளை தேவையானது. அதை இடுவதற்கும், மீறியவரை ஒறுப்பதற்கும் உரிமையுடையவர் எவர் என்பதே வினா.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் டோக்கியோ உடன்படிக்கை, விமானத்தினுள் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை விமானத் தலைவருக்கு அளிக்கிறது. பயணிகளின் உதவியை அவர் கோரலாம். பாதுகாப்புக்கு உடனடியாகத் தேவை என்று நம்பத் தக்க காரணமிருந்தால், பயணி தாமாகவும் நியாயமான தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். தடுக்கும் உரிமை அவ்வளவே. தண்டிக்கும் உரிமை பயணிக்கு எங்கும் தரப்படவில்லை. பணியாளர்களின் பிடியில் நடந்துசெல்பவரின் கன்னத்தில் விழும் அறை எந்த ஆபத்தையும் தடுப்பதில்லை.

இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017 செப்டம்பரில் வெளியிட்ட விதிமுறை, ஒழுங்கீனத்தை மூன்று படிகளாகப் பகுத்தது. சொல்லாலும் சைகையாலும் இழைக்கும் இடையூறுக்கு 3 மாதம் வரையிலும், உடல்வழித் தாக்குதலுக்கு 6 மாதம் வரையிலும், உயிருக்கு ஆபத்து விளைக்கும் செயலுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ பறக்கத் தடை. ஓய்வுபெற்ற மாவட்ட அமர்வு நீதிபதியின் தலைமையிலான குழு 30 நாள்களுக்குள் முடிவு கூற வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. எழுந்தவரின் காரணத்தை விசாரிக்க 30 நாள்கள் தேவை எனச் சட்டம் கருதுகிறது. அடுத்த இருக்கைக்காரருக்கோ அரை நொடி போதுமாயிருக்கிறது.

இவ்விதிமுறை பிறந்த கதையும் மறக்கத்தக்கதன்று. 2017 மார்ச்சில் பூனாவிலிருந்து தில்லி சென்ற ஏர் இந்தியா விமானத்தில், சிவசேனா நாடாளுமன்ற உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட் உயர்வகுப்பு இருக்கை கிடைக்காத சினத்தில், தில்லி சேர்ந்த பின்னும் இறங்க மறுத்தார். பேச வந்த ஊழியரைச் செருப்பால் அடித்ததை அவரே தொலைக்காட்சிகளிடம் ஒப்புக்கொண்டார். விமான நிறுவனங்கள் விதித்த தடை, அமைச்சருக்கு அவர் எழுதிய வருத்தக் கடிதத்தால் இரண்டே வாரங்களில் நீங்கியது. பாங்காக் விமானத்தில் பயணி அடிபட்ட அதே 2022 டிசம்பரில், சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்படக் காத்திருந்த விமானத்தின் அவசரகாலக் கதவு திறக்கப்பட்டது. திறந்தவர் பா.ஜ.க. நாடாளுமன்ற உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா. பயணிகள் இறக்கப்பட்டனர்; பயணம் இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. செய்தியே ஒரு மாதம் கழித்துத்தான் பரவியது. தவறுதலாகத் திறந்துவிட்டார், மன்னிப்பும் கேட்டார் என்று அமைச்சர் விளக்கமளித்ததோடு அது முடிந்தது.

அது தவறுதலாகவே நிகழ்ந்திருக்கலாம். தவறுதலாக என்னும் அந்த வினையடை எவருக்கெல்லாம் வழங்கப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது. நாடாளுமன்ற உறுப்பினரின் செயலுக்கு அடைகொடுத்து மென்மையாக்கும் மொழி, முதன்முறை விமானம் ஏறிய கூலித்தொழிலாளியின் செயலுக்கு அதே சலுகையைத் தருவதில்லை.

மொழியின் மற்றொரு பக்கமும் உண்டு. ஏவல் வினை முன்னிலைக்கு உரியது என்பது தமிழிலக்கணத்தின் தொடக்கப் பாடம். முன்னிலையில் இருப்பவருக்கு விளங்காத ஏவல், ஒலியேயன்றிக் கட்டளையாகாது. கேட்பவர் பொருளை விளங்கி ஏற்கும்போதே பேச்சுச்செயல் நிறைவேறும் என்று ஜே. எல். ஆஸ்டினும் விளக்கினார். முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் கட்டட வேலைக்காகத் தமிழகம் வருவோருள் இன்று விமானம் ஏறுவோரும் உண்டு. அவர்கள் அமரும் கொல்கத்தா–சென்னை விமானத்தில் பாதுகாப்பு அறிவிப்பு பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே ஒலிக்கிறது. புறப்படும் ஊரின் மொழியும் அங்கில்லை. சேரும் ஊரின் மொழியும் இல்லை. விமானி ஒருவர் தமிழில் பேசினால் அக்காணொளி வியப்போடு பகிரப்படுகிறது. கடமையாக இருக்க வேண்டியது அதிசயமாக இருப்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

2022 செப்டம்பரில் விஜயவாடாவிலிருந்து ஹைதராபாத் சென்ற விமானத்தில், அவசரகால வழியருகே இருந்த பெண் ஒருவர் வேறு இருக்கைக்கு மாற்றப்பட்டார். தெலுங்கு மட்டுமே அறிந்த அவருக்கு ஆங்கிலமும் இந்தியும் புரியாது என்பதே காரணம். அதே விமானத்தில் பயணம் செய்த பேராசிரியர் ஒருவர் இதனை வெளிப்படுத்தினார். அப்போதைய தெலங்கானா அமைச்சர் கே. டி. ராமாராவ் உள்ளூர் மொழிகளை மதிக்குமாறு நிறுவனத்தை வற்புறுத்தினார். அவசரவழி இருக்கையில் அமர்பவருக்கு அறிவுறுத்தல் விளங்க வேண்டும் என்ற விதி சரியானதே. ஆனால் ஆந்திரத்தில் புறப்பட்டுத் தெலங்கானாவில் இறங்கும் விமானத்தில் தெலுங்கு அறியாமை யாருடைய குறை? பயணிக்குத் தெரியாத மொழி பாதுகாப்புச் சிக்கல் என்றால், பணியாளருக்குத் தெரியாத மொழியும் அதே அளவு பாதுகாப்புச் சிக்கலே.

நூற்றெண்பது பேரின் உயிர் தொங்கும்போது இத்தகைய நுணுக்கங்களுக்கு நேரமேது என்று கேட்கப்படும். உயிரைப் பற்றிய கவலையே இந்த நுணுக்கத்தைக் கோருகிறது. அஞ்சியவரை அடித்தால் அச்சம் பெருகும். புரியாதவரை அதட்டினால் புரிதல் பிறக்காது. இரண்டும் விமானத்தைப் பாதுகாப்பற்றதாக்கும். அதிகாரத்தால் மறுப்பவரைத் தண்டிப்பதற்கு விதியே போதும். அதை அவர்மீதும் செலுத்தும் துணிவுதான் போதவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. புறப்படும் மாநிலத்தின் மொழியிலும் சேரும் மாநிலத்தின் மொழியிலும் பாதுகாப்பு அறிவிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். பதிவுசெய்த குரலே இதற்குப் போதும். பதற்றத்துக்கு ஆளாகும் பயணியைக் கையாளும் முறை பணியாளர் பயிற்சியில் அழுத்தம் பெற வேண்டும். விசாரணைக் குழுக்களின் முடிவுகள், தனியாள் அடையாளம் நீக்கி, வெளியிடப்பட வேண்டும். எவருக்கு எவ்வளவு தடை என்பது தெரிந்தால்தான் விதி எல்லார்க்கும் ஒன்றா என்று சோதிக்க இயலும். ஆய்வுலகத்துக்கும் ஒரு பொறுப்புண்டு. முதன்முறை பறப்பவர்களின் தடுமாற்றத்தை நகைத்துப் பகிரும் காணொளிகள் வகுப்பறைகளிலும் ஆய்வாளர் குழுக்களிலும் தாராளமாகப் புழங்குகின்றன. அச்சிரிப்பும் அந்த அறையும் ஒரே மனத்திலிருந்து பிறப்பவை. ஒரு மனிதர் ஏன் எழுந்தார் என்று கேட்கும் முன்பே அவருக்குப் பெயர் சூட்டிவிடும் மனம் அது.