காலத்தில் வந்து சேர வேண்டிய வாக்கு

நாட்டிற்காகக் கடல் கடந்து பணியாற்றும் படைவீரருக்கு, தன்னைப் போருக்கு அனுப்புகின்ற அரசைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா? சட்டப்படி உண்டு. ஆனால், அந்த உரிமை ஓர் அஞ்சல் உறையின் வேகத்தை நம்பியிருந்தது என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் காட்டுகின்றது.

இரண்டாம் உலகப்போரின்போதே, 1942-ல், படைவீரர் வாக்களிப்பதற்கான சட்டம் அங்கு இயற்றப்பட்டது. 1986-ல் வந்த சட்டம், படைவீரர், அவர்தம் குடும்பத்தினர், வெளிநாடு வாழ் குடிமக்கள் ஆகியோரின் அஞ்சல் வாக்குரிமையை உறுதி செய்தது. எனினும், 2000-ம் ஆண்டு அரசுத்தலைவர் தேர்தலில் குறைகள் வெளிப்பட்டன. ஃபுளோரிடாவில் வெற்றியை முடிவு செய்தவை 537 வாக்குகளே. அங்கே, அஞ்சல் முத்திரை இல்லை என்பது போன்ற காரணங்களால் வெளிநாட்டிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான வாக்குச்சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. படைத்தளத்தில் முத்திரை குத்தாமல் விட்டது வாக்களித்தவரின் குற்றமா? ஒரு மாவட்டம் ஏற்றதை இன்னொரு மாவட்டம் தள்ளியதும் நடந்தது.

2009 அக்டோபரில் அரசுத்தலைவர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதன் வேரைத் தொட்டது. கேட்டுக்கொண்டவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள்கள் முன்னரே வாக்குச்சீட்டை அனுப்பவேண்டும். அதனை மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் பெற்றுக்கொள்ளலாம். நோட்டரி சான்று இல்லை, காகிதம் சரியில்லை என்று எதையும் தள்ளக்கூடாது. சீட்டு வராவிட்டால், மாற்றுச் சீட்டில் வேட்பாளரின் பெயரை எழுதி அனுப்பவும் வழியுண்டு.

வாக்குச்சீட்டு போய்ச்சேர வழி பிறந்தது. திரும்பி வருவதில்தான் சிக்கல் தொடர்கின்றது. விதிகளை மாநிலங்களே வகுப்பதால், ஒரே முகாமில் உள்ள இருவரில் ஒருவர் மின்னஞ்சலில் வாக்களிக்கலாம். மற்றவர் அஞ்சலில்தான் அனுப்பவேண்டும். மின்னஞ்சலில் அனுப்புகிறவர் பல மாநிலங்களில் தன் வாக்கின் இரகசியத்தை விட்டுக்கொடுக்க ஒப்புதல் தரவேண்டும். வழியில் யாரேனும் அதை மாற்றிவிடும் ஆபத்தும் உண்டு. வேகத்தைப் பெற இரகசியத்தை இழப்பதை எளிமை என்று சொல்லமுடியுமா?

எளிதாக்குவது சலுகை அல்ல, நீதி. போர்முனைக்கு உணவும் மருந்தும் காலம் தவறாமல் அனுப்பத் தெரிந்த அரசுக்கு, ஒரு வாக்குச்சீட்டைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது இயலாத செயலல்ல. உரிமையை ஏட்டில் எழுதுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்த வாக்கு எண்ணப்படும்போதுதான் கடமை நிறைவேறுகின்றது.