மெருகும் மெழுகும்



கட்டுகஸ்தோட்டையில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவரிடம் பழைய சிவப்புக் கார் ஒன்று நிற்கிறது. 2008இல் கொழும்புக்குப் போய்த் திரும்பாத கணவருடையது. மகளின் படிப்புச் செலவுக்காக விற்க முற்பட்டபோது, "பெயின்ற் செத்துப்போச்சு" என்று தரகர் பாதி விலைக்குக் கேட்டார். 2020இல் நிறுத்திய கார் இறக்குமதி 2025இல் திறந்ததும் அவர்களுக்கு நல்ல சாட்டு.

ஞாயிறு காலை காரை நிழலில் வைத்துக் கழுவினோம். உடுப்புத் தோய்க்கும் தூள் வேண்டாம். என் காரை நான் மங்கவைத்தது அதால்தான். கார் ஷாம்பு போதும். ஒரு வாளியில் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணீர். மணல் ஒட்டிய துணிதான் பெயின்றைக் கீறுவது.

காய்ந்தபின் பொலிஷ் தேய்த்தோம். துணி சிவந்தது. அக்கா பயந்துவிட்டார். மேற்பூச்சில்லாத பழைய பெயின்றில் அப்படித்தான். வெயிலில் செத்த படை தேய்ந்து வருகிறது. ஆனாலும் பொலிஷ் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெயின்றைத் தின்னும், அடிக்கடி கூடாது. மெழுகு தின்னாது; மேலே மெல்லிய படையாக நின்று வெயிலையும் மழையையும் தாங்கும். கண்டி மழைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை பூசலாம்.

பின்னேரம் மகள் வந்து பார்த்து, "அப்பாட கார் இந்த நிறமா?" என்றாள்.

தரகரை எப்போது வரச்சொல்வது என்று கேட்டேன்.

"அடுத்த கிழமை பார்ப்பம், தங்கச்சி" என்றார் அக்கா.